வேறொரு கை ஒட்டிய நகம்

செயற்கை நகத்தை ஒட்டுவதைவிடக் கழற்றுவது கடினம். ஒட்டுகிறவருக்குத் தன் கையில் இருக்கும் பொடி எது, திரவம் எது, எத்தனை பூச்சு போட்டோம் என்பதெல்லாம் தெரியும். கழற்றுகிறவருக்கும் அதெல்லாம் தெரிந்திருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும். ஒட்டிய கடையிலேயே கழற்றும்போது இதில் சிக்கல் இல்லை. வேறொரு சலூனில் போட்டுக்கொண்ட நகத்தோடு வந்து ஒருவர் உட்காரும்போது, மேசைக்கு எதிரே நீளும் பத்து விரல்களிலும் பளபளக்கும் மேற்பூச்சு மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு அடியில் இருப்பது அக்ரிலிக்கா ஜெல்லா, அது எவ்வளவு தடிமன், அதற்கும் அடியிலுள்ள சொந்த நகம் ஏற்கெனவே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் மறைந்திருக்கின்றன. பாதுகாப்பாகக் கழற்றும் முறை முழுவதும், தனக்கு இது தெரியாது என்று கழற்றுகிறவர் ஒப்புக்கொள்வதிலிருந்துதான் தொடங்குகிறது.

எதைக் காப்பாற்ற இவ்வளவு கவனம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் நகத்தட்டு உயிரற்றது. கெரட்டின் என்ற புரதம் நிறைந்து தட்டையாகிப்போன செல்கள், நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்து உருவானது அது. கைவிரல் நகத்தின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். உயிர் இருப்பது பின்பக்கம், தோலுக்கு அடியில் புதைந்திருக்கும் நகவேரில். அதன் முன்விளிம்புதான் கட்டைவிரலில் வெள்ளைப் பிறையாக எட்டிப்பார்க்கிறது. நகவேரில் பிறக்கும் செல்கள் பழைய செல்களை முன்னே தள்ளிக்கொண்டே இருப்பதால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகர்கிறது. அடியிலிருந்து நுனிவரை ஒரு கைவிரல் நகம் முழுதாகப் புதுப்பிக்கப்பட 4 முதல் 6 மாதம் ஆகும். கால் கட்டைவிரலுக்கு ஓராண்டும் போதாது.

தோல் கிழிந்தால் ஆறும், எலும்பு முறிந்தால் கூடும். நகத்தட்டில் ஓர் அடுக்கு உரிந்தால் உரிந்ததுதான். அந்த இடத்தை நிரப்ப அங்கே உயிருள்ள செல் ஒன்றும் இல்லை. நகத்தை 'குணப்படுத்தும்' என்று விற்கப்படும் எந்த எண்ணெயும் சீரமும் உரிந்த அடுக்கைத் திரும்பக் கொண்டுவராது. அவை மேற்பரப்பை மெழுகிக் கொடுக்கும், வறட்சியைத் தணிக்கும், அவ்வளவுதான். சேதமடைந்த பகுதி நுனிவரை நகர்ந்து வெட்டி எறியப்படும்வரை காத்திருப்பதே ஒரே வழி. கழற்றும்போது மிச்சம் பிடித்த அரைமணி நேரத்துக்கு விலையாக அரையாண்டு காத்திருக்க நேரும்.

இனி ஒட்டப்படும் பொருள்கள். இவற்றில் பழையது அக்ரிலிக். அதன் தோற்றம் பல் மருத்துவத்தில் இருக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஃப்ரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், உடைந்த தன் கட்டைவிரல் நகத்தைப் பல் வேலைக்கு வைத்திருந்த அக்ரிலிக்கைக் கொண்டு, அலுமினியத் தகட்டை அச்சாக வைத்துச் சரிசெய்துகொண்டார் என்று நகத் தொழிலில் பரவலாகச் சொல்லப்படுகிறது. செய்முறையின் சாரம் இன்றும் மாறவில்லை. ஒரு திரவத்தில் தூரிகையை நனைத்துப் பொடியில் தொட்டால் நுனியில் ஒரு சின்ன உருண்டை திரளும். அதை நகத்தின்மேல் வைத்துப் பரப்பினால் சில நிமிடங்களில் இறுகும். திரவத்தில் இருக்கும் சிறு மூலக்கூறுகள், அதாவது மோனோமர்கள், ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. விரல்மேலேயே ஒரு பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது.

அந்தத் திரவம் எது என்பதில்தான் கழற்றுகிறவரின் தலைவிதி இருக்கிறது. தொடக்க காலத்தில் பயன்பட்டது மீதைல் மெதாக்ரிலேட், சுருக்கமாக எம்.எம்.ஏ. எலும்பு அறுவைச் சிகிச்சையில் சிமென்டாகவும், பல் செட்டிலும், கண்ணாடிக்கு மாற்றான பிளாஸ்டிக் பலகையிலும் பயன்படும் அதே பொருள். நகத்தில் அது மிகக் கெட்டியாகப் பிடித்தது. நகம் உருக்குலைந்தது, தோல் அழற்சி வந்தது என்று 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வந்தன. நீதிமன்ற நடவடிக்கை மூலம் நூறு சதவீத எம்.எம்.ஏ. திரவங்கள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. ஆனால் அழகுசாதனப் பொருள்களில் எம்.எம்.ஏ.வை வெளிப்படையாகத் தடைசெய்யும் கூட்டாட்சி விதி எதுவும் வரவில்லை. பல மாநிலங்கள் தத்தம் அளவில் சலூன்களில் அதைத் தடைசெய்தன. நல்ல கடைகள் எதைல் மெதாக்ரிலேட்டுக்கு மாறின. மலிவு என்பதற்காக எம்.எம்.ஏ. இன்னும் சில கடைகளின் பின்னறையில் பெயரில்லாத பாட்டில்களில் இருக்கிறது.

அடுத்தது ஜெல். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றல்ல என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இரண்டுமே புற ஊதா அல்லது எல்.இ.டி. விளக்கின் கீழ் இறுகுபவை. கடின ஜெல்லில் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகள் நெருக்கமாக இருக்கும். அசிட்டோன் அதற்குள் நுழைய வழியில்லை. எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் அது அசையாது. ஊறவைத்துக் கழற்றும் மென்ஜெல்லில் அந்தப் பிணைப்புகள் தளர்வாக இருப்பதால் அசிட்டோன் புகுந்து பூச்சை ஊதச்செய்து நகத்திலிருந்து விலக்கும். 2010 வாக்கில் உலகம் முழுவதும் பரவிய ஜெல் பாலிஷ் இந்த வகையைச் சேர்ந்தது. மூன்றாவதாக டிப் பவுடர். சயனோஅக்ரிலேட் பசையைப் பூசி, விரலைப் பொடியில் தோய்த்து, இன்னொரு திரவத்தால் இறுகவைப்பது. வீட்டில் உடைந்த பொம்மையை ஒட்டும் பசையின் குடும்பம்தான். இவற்றோடு, நீளத்துக்காக நுனியில் ஒட்டப்படும் பிளாஸ்டிக் டிப்கள், கடையில் பெட்டியாக வாங்கி ஒட்டிக்கொள்ளும் பிரஸ்-ஆன் நகங்கள். இவை எளியவை. பெரும்பாலான டிப்கள் அசிட்டோனில் கரைந்துவிடும், பிரஸ்-ஆன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரிலும் எண்ணெயிலும் மெல்ல விலகும்.

வாடிக்கையாளர் ஏன் வேறொரு சலூனுக்குப் போகிறார் என்ற கேள்வியும் இதில் சேர்ந்ததே. அமெரிக்காவில் நகச் சலூன் ஒரு காலத்தில் வசதியுள்ளவர்களின் இடம். 1975-இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ அருகே இருந்த அகதி முகாமில், ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் வியட்நாமிலிருந்து வந்த பெண்களைச் சந்தித்தார். அவர்கள் தன் நகங்களை ஆவலோடு பார்ப்பதைக் கவனித்து, சுமார் இருபது பேருக்கு இந்தத் தொழிலில் பயிற்சி கிடைக்கச் செய்தார். அந்தப் பெண்களிலிருந்தும், அவர்களைப் பார்த்துத் தொழிலுக்கு வந்த உறவினர்களிடமிருந்தும் ஒரு பெருந்தொழில் கிளைத்தது. இன்று கலிபோர்னியாவின் நகக் கலைஞர்களில் பெரும்பகுதியினர் வியட்நாம் வம்சாவளியினர். மொழி தெரியாத நாட்டில், கைத்திறனை மட்டும் நம்பி அவர்கள் கட்டியெழுப்பியது இது. இதனால் சலூன்கள் பெருகின, விலை இறங்கியது, முன்பதிவில்லாமல் உள்ளே நுழையலாம் என்றாயிற்று. ஒரு கடையில் ஒட்டி இன்னொன்றில் கழற்றுவது சாதாரணமாயிற்று. ஆனால் மருத்துவமனைக்கு இருப்பதுபோல இங்கே ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் போகும் குறிப்பேடு எதுவும் இல்லை. நகத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு நகமே சான்று.

வாடிக்கையாளரைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதிலை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. 'ஜெல்' என்று அவர் சொல்வது பெரும்பாலும் பளபளப்பைத்தான். அக்ரிலிக்கைப் போட்டு மேலே ஜெல் பூச்சு ஒன்றை இழுத்துவிட்டு ஜெல் நகம் என்று விற்பது பல கடைகளில் வழக்கம். கேள்விகளைச் செய்முறையை ஒட்டிக் கேட்டால் பதில் தெளிவாக வரும். தூரிகையைத் திரவத்தில் தொட்டுப் பொடியை எடுத்தார்களா? விரலைப் பொடி டப்பாவுக்குள் விட்டார்களா? விளக்குக்குள் கையை வைத்தது கடைசியில் மட்டுமா, ஒவ்வொரு பூச்சுக்குமா? மூக்கைத் துளைக்கும் வாடை அடித்ததா? ஒட்டுவதற்கு முன் மெஷினால் சொந்த நகத்தைத் தேய்த்தார்களா, அப்போது சூடாகவோ வலியாகவோ இருந்ததா? ஒட்டி எத்தனை வாரம் ஆயிற்று, இடையில் இட்டு நிரப்பினார்களா? தன் கையில் நடந்தது எதுவென்று எல்லோருக்கும் நினைவிருக்கும். பொருளின் பெயர்தான் தெரியாமல் இருக்கும்.

அடுத்து, பார்வை. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலையும் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். நகத்தின் ஓரத்தில் பொருள் தூக்கிக்கொண்டிருக்கிறதா, அதற்குள் பச்சை நிறம் தெரிகிறதா என்பது முதல் கவனம். பச்சை என்றால் பெரும்பாலும் சூடோமோனாஸ் பாக்டீரியா. ஒட்டிய பொருளுக்கும் நகத்துக்கும் நடுவே ஈரம் தேங்கிய இடத்தில் அது வளர்ந்து நிறத்தை விட்டுப்போகிறது. நகத்தட்டு அடியிலுள்ள சதையிலிருந்து விலகி வெண்மையாகத் தெரிகிறதா, சுற்றுத்தோல் சிவந்து வீங்கியிருக்கிறதா, சீழ் இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். வீக்கமோ சீழோ கடும் வலியோ இருந்தால் அது சலூன் வேலை அல்ல. அந்த வாடிக்கையாளரைத் தோல் மருத்துவரிடம் அனுப்புவதே தொழில். வேலையைத் தொடங்கும் முன் பத்து விரல்களையும் ஒரு படம் எடுத்து வாடிக்கையாளரிடமே காட்டிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. மூடிக்கிடந்த சேதம் கழற்றிய பிறகுதான் வெளியே தெரியும். கடைசியாகக் கைவைத்தவர்மேல்தான் பழி விழும்.

பிறகு சோதனை. ஏதாவது ஒரு விரலில், நகம் விரல்நுனியைத் தாண்டி நீளும் பகுதியில், சொந்த நகத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், 100 அல்லது 180 எண் ஃபைலால் மேற்பூச்சை மட்டும் தேய்க்க வேண்டும். பழகிய கைக்கு இந்தத் தேய்ப்பே பாதி விடை சொல்லிவிடும். வழக்கமான அக்ரிலிக் மாவுபோல வெள்ளைத் தூளாக உதிரும். ஜெல் அதைவிட இழுவையாக, துருவலாக வரும். எம்.எம்.ஏ. ஃபைலுக்கு மசியாது. அதே அழுத்தத்தில் அக்ரிலிக் குறைந்திருக்க வேண்டிய நேரத்தில் இது கீறல் விழுந்து நிற்கும். மேற்பூச்சு போன பிறகு அசிட்டோனில் நனைத்த சிறு பஞ்சை அந்த இடத்தில் வைத்துச் சில நிமிடம் பொறுத்து மரக்குச்சியால் தொட்டால் மீதி விடையும் கிடைக்கும். மென்ஜெல் சுருங்கி ஏடாக எழும்பும். அக்ரிலிக்கும் டிப் பவுடரும் மேல்பரப்பில் பிசுபிசுத்துக் குழையத் தொடங்கும். கடின ஜெல் வைத்தபடியே இருக்கும். ஒரு விரலில் செய்யும் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூடப் பிடிக்காது. ஆனாலும் பெரும்பாலான கடைகளில் தவறவிடப்படுவது இதுதான். எல்லா விரல்களையும் ஒன்றாகச் சுற்றிவிட்டு, இளகவில்லை என்று கண்ட பிறகு எரிச்சலில் நெம்பத் தொடங்குவதில்தான் முக்கால்வாசிச் சேதம் நிகழ்கிறது.

அசிட்டோனில் இளகும் பொருள் என்று தெரிந்துவிட்டால் முறை நேரானது. முதலில் நீளத்தைக் குறைக்க வேண்டும். நீண்ட நகம் ஒரு நெம்புகோல். அதன் நுனியில் தற்செயலாகப் படும் சிறு இடிகூட அடியில், நகம் சதையோடு ஒட்டியிருக்கும் கோட்டில், பெரிதாக விழும். வெட்டுவதும் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாக இருக்க வேண்டும், ஒரே அழுத்தில் நறுக்கினால் அதிர்ச்சியில் பொருளோடு நகமும் பிளக்கும். அடுத்து மேற்பூச்சையும் தடிமனில் பெரும்பகுதியையும் ஃபைலால் எடுத்துவிட வேண்டும். மேற்பூச்சு இருக்கும்வரை அசிட்டோன் உள்ளே போகாது. சொந்த நகத்தைத் தொடுமளவுக்குப் போகாமல், மெல்லிய படலம் ஒன்று மீதமிருக்கும்போதே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சுற்றுத்தோலிலும் விரல்நுனியிலும் வாஸ்லைனோ எண்ணெயோ தடவ வேண்டும். அசிட்டோன் தோலின் எண்ணெய்ப்பசையை உறிஞ்சி வெளிறச்செய்யும், வெடிப்பு இருந்தால் எரியும். நகத்தின் அளவுக்கு வெட்டிய பஞ்சை அசிட்டோனில் தோய்த்து நகத்தின்மேல் மட்டும் வைத்து, அலுமினியம் ஃபாயிலால் விரலைச் சுற்றி இறுக்க வேண்டும். விரலை முழுவதுமாகக் கிண்ணத்தில் முக்குவதைவிட இது மேல். தோல் அவ்வளவாக நனையாது, ஆவியும் அறையில் பரவாது. சுற்றிய கையின்மேல் வெதுவெதுப்பான துண்டு ஒன்றைப் போட்டால் வேலை விரைவாகும். ஜெல் பாலிஷுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், டிப் பவுடருக்கு இன்னும் சற்று அதிகம், அக்ரிலிக்குக்கு அரைமணி, சிலசமயம் அதற்கும் மேல். நெயில் பாலிஷ் அழிக்க விற்கும் அசிட்டோன் இல்லாத திரவங்கள் இந்த வேலைக்கு உதவாது.

ஃபாயிலை ஒவ்வொரு விரலாகத்தான் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேரத் திறந்தால் ஒன்றைத் துடைப்பதற்குள் மற்றவை காய்ந்து மறுபடி இறுகிவிடும். பஞ்சை மேலே சற்று அழுத்தி நுனியை நோக்கி இழுக்கும்போதே இளகியது வந்துவிடும். மிச்சத்தை ஆரஞ்சு மரக்குச்சியால், அடியிலிருந்து நுனிப்பக்கமாக, மேசையில் சிந்திய மாவைத் துடைக்கும் அளவு அழுத்தத்தில் தள்ளலாம். அதற்கு மேல் அழுத்தம் தேவைப்பட்டால் இன்னும் ஊறவில்லை என்று பொருள். புதுப் பஞ்சை வைத்து மறுபடி சுற்ற வேண்டும். இரண்டு முறையானாலும் மூன்று முறையானாலும் இதே விடைதான். நல்ல கலைஞரையும் மோசமானவரையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு கணம். ஒட்டும்போது காட்டிய ஓவியத்திறமை எல்லாம் இங்கே கணக்கில் வராது.

நெம்பினால் என்ன ஆகிறது என்பதை அருகில் பார்த்தால்தான் புரியும். ஒட்டிய பொருள் நகத்தின் மேலடுக்குச் செல்களைக் கெட்டியாகப் பற்றியிருக்கிறது. அந்தப் பற்றுதலைவிட, நகத்தின் அடுக்குகள் தம்மிடையே கொண்டிருக்கும் பிடிப்பு சில இடங்களில் பலவீனமானது. எனவே இழுக்கும்போது பிரிவது பொருளுக்கும் நகத்துக்கும் நடுவே அல்ல, நகத்துக்கு உள்ளேயே. கையில் வரும் பிளாஸ்டிக்கின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் சாம்பல் கலந்த வெள்ளைச் செதில்கள் ஒட்டியிருக்கும். அவை அந்த வாடிக்கையாளரின் நகம். விரலில் மீதியிருப்பதில் மங்கலான வெண்திட்டுகள் சொரசொரப்பாகத் தெரியும். வீட்டில் சலிப்பில் கடித்தோ, பழைய ஏ.டி.எம். அட்டையைச் செருகியோ, பல் இடுக்கு நூலை நுழைத்து அறுத்தோ கழற்றுகிறவர்களின் விரல்களிலும் இதே திட்டுகள்தான். எம்.எம்.ஏ. போட்ட நகத்தில் நிலைமை இன்னும் மோசம். அது நகத்தைவிட விறைப்பானது, வளையாது. எங்காவது இடித்தாலோ நெம்பினாலோ பிளாஸ்டிக் உடைவதற்குப் பதிலாகச் சொந்த நகம் சதையிலிருந்து பெயர்ந்து வரும்.

கடின ஜெல்லுக்கு அசிட்டோன் பயன்படாது என்பதால் தேய்த்தே குறைக்க வேண்டும். இங்கே பாதுகாப்பான முடிவு என்பது முழுவதும் எடுத்துவிடுவது அல்ல. மெல்லிய படலம் ஒன்றை விட்டுவைத்து, நகம் வளர வளர அதை வெட்டிக்கொண்டே போவதுதான். வாடிக்கையாளர் இன்றே எல்லாம் போக வேண்டும் என்று கேட்பார். அந்தக் கோரிக்கைக்கு இணங்கினால் கடைசிப் படலத்தோடு நகத்தின் மேலடுக்கும் தேயும். எம்.எம்.ஏ. என்று தெரிந்தாலும் ஏறக்குறைய இதே வழி. பொறுமையாகத் தேய்த்துக் குறைத்து, மிச்சத்தை நீண்ட நேரம் ஊறவைத்துப் பார்த்து, இளகாததை வளர விடுவது. ஒரே அமர்வில் முடியாது என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மெஷின் ஃபைலைப் பற்றிப் பலருக்குப் பயம் உண்டு. கருவியில் குற்றமில்லை. பயிற்சி பெற்ற கையில், தட்டையாகப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்தினால், கை ஃபைலைவிடச் சீராகத் தடிமனைக் குறைக்கும். சாய்த்துப் பிடித்தால் நகத்தின் அடிப்பகுதியில், சுற்றுத்தோலை ஒட்டி, சிவந்த பிறைவடிவப் பள்ளம் ஒன்று விழும். நகம் அங்கே காகிதமாக மெலிந்து அடியிலுள்ள சதையின் சிவப்புத் தெரிகிறது என்று பொருள். அந்தப் பள்ளம் நுனிவரை நகர்ந்து மறைய மாதங்கள் ஆகும். முந்தைய சலூனில் விழுந்த பள்ளம் பொருளுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம் என்பதால், வேறொருவர் ஒட்டிய நகத்தில் அடிப்பகுதியை மெஷினால் தொடாமலிருப்பது நல்லது. சூடு என்பது எச்சரிக்கை. சூடு தெரிந்தவுடன் கையை இழுத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பொறுத்துக்கொள்வது நாகரிகம் என்று எண்ணிச் சும்மா இருப்பவர்கள் ஏராளம்.

அறையும் கவனிக்கப்பட வேண்டியதே. அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதன் ஆவி உறைநிலைக்கும் கீழான குளிரிலேயே தீப்பற்றக்கூடியது. வாசனை மெழுகுவர்த்தியும் அசிட்டோன் கிண்ணமும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது. அதை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்குவது விபத்தை அழைப்பது. தேய்க்கும் தூள் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கேடு. நாளெல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் பங்கு வாடிக்கையாளருடையதைவிடப் பல மடங்கு. தூளை உறிஞ்சும் மேசை, காற்றோட்டம், பொருத்தமான முகக்கவசம் மூன்றும் அவருடைய உரிமை. பாட்டிலின் சீட்டைப் படிப்பதும் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. முன்பு சில செயற்கை நக நீக்கிகளில் அசிட்டோநைட்ரைல் இருந்தது. உடலுக்குள் போய் மெல்ல மெல்லச் சயனைடாக மாறும் பொருள் அது. 1988-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த அறிக்கை, அதைக் குடித்த 16 மாதக் குழந்தை மறுநாள் காலையில் இறந்துகிடந்ததைப் பதிவு செய்தது. சாதாரண அசிட்டோன் நீக்கி என்று எண்ணப்பட்டதால் குழந்தைக்கு உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. நக நீக்கி எதுவானாலும் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில், அதன் சொந்த பாட்டிலில், சீட்டோடு இருக்க வேண்டும்.

ஒவ்வாமை தனியாகச் சொல்லத்தக்கது. இறுகிய பிளாஸ்டிக் பெரும்பாலும் தீங்கற்றது. இறுகாமல் தங்கிய மோனோமர் தோலில் படும்போதுதான் உடல் அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. பொருந்தாத விளக்கு, தடித்த பூச்சு, சுற்றுத்தோலில் வழிந்த ஜெல் ஆகியவை வழக்கமான காரணங்கள். ஜெல்களில் உள்ள ஹெமா என்ற மூலப்பொருள் இதில் முன்னிலை வகிக்கிறது. 2018-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் இந்த ஒவ்வாமை பெருகுவதைப் பற்றி எச்சரித்தது. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா உள்ள நகப்பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுத்தது. விரல்நுனியில் அரிப்பு, கொப்புளம், வெடிப்பு மட்டுமல்ல, விரல் தொட்ட கண்ணிமையிலும் கழுத்திலும் தடிப்பு வரலாம். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். அதே குடும்பத்துப் பொருள்கள் பல் அடைப்பிலும், எலும்புச் சிமென்டிலும், சர்க்கரை நோயாளிகள் உடலில் ஒட்டிக்கொள்ளும் கருவிகளின் பசையிலும் இருப்பதால், ஓர் ஒப்பனையின் விளைவு என்றோ ஒருநாள் சிகிச்சை அறைவரை வரும். அரிப்போடு வருபவரின் நகத்தைக் கழற்றும்போது தேய்ப்பதைக் குறைத்து, தூளைத் தோலில் தங்கவிடாமல், அன்றே புதிதாக எதையும் பூசாமல் அனுப்ப வேண்டும்.

மருத்துவமனைகள் செயற்கை நகத்தை விலக்குவதற்குக் காரணம் வேறு. 1997, 98-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் சூடோமோனாஸ் தொற்று நீடித்தது. தொற்றிய குழந்தைகளில் 16 பேர் இறந்தனர். ஆராய்ந்தவர்கள், நீண்ட சொந்த நகம் வைத்திருந்த ஒரு செவிலியருக்கும் நீண்ட செயற்கை நகம் வைத்திருந்த இன்னொருவருக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம் என்று கண்டனர். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் பணிபுரிவோர் செயற்கை நகம் அணியக் கூடாது என்று 2002-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைத்தது. வேலையில் சேரும் செவிலியர்களும், அறுவைச் சிகிச்சைக்கு முன் நகத்தை எடுத்துவிட்டு வரச்சொல்லப்படும் நோயாளிகளும் அவசரமாகச் சலூனுக்கு வருவது இதனால்தான். நோயாளியின் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவிக்கும் நகப்பூச்சு இடைஞ்சலாகலாம். பத்தும் முழுதாகக் கழற்ற நேரமில்லாதபோது எந்த விரல் தேவை என்று மருத்துவமனையைக் கேட்டு அதை முதலில் செய்வது நடைமுறைக்கு உகந்தது.

கூலியைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பல கடைகளில் கழற்றுவது இலவசம், அல்லது புதிதாக ஒட்டுவதோடு சேர்ந்த சில்லறைச் செலவு. ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும் வேலைக்குக் காசு இல்லை என்றால் அதைக் கால்மணியில் முடிக்கத்தான் கை பரபரக்கும். நெம்புகிற கை பெரும்பாலும் கெட்ட கை அல்ல, கூலி கிடைக்காத கை. வேறு சலூனில் ஒட்டியதைக் கழற்ற ஒட்டுவதற்கு ஈடான கட்டணம் கேட்பது நியாயம். அதைத் தரத் தயங்காத வாடிக்கையாளர் தன் நகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். பொருள் இன்னதென்று கண்டுபிடிக்க முடியாதபோது, அல்லது அடியில் காயம் இருக்கிறது என்ற சந்தேகம் எழும்போது, நீளத்தை மட்டும் குறைத்துக் கொடுத்து இதற்கு மேல் செய்யமாட்டேன் என்று சொல்வதும் முழு வேலைதான்.

கழற்றிய நகம் முதல் நாளில் வெளிறி, வறண்டு, பார்க்கவே பாவமாக இருக்கும். அதில் பெரும்பகுதி அசிட்டோன் இழுத்த ஈரப்பசையின் குறை. கையைக் கழுவி எண்ணெய் தடவினால் சில மணி நேரத்தில் மாறும். தேங்காயெண்ணெய் போதும், ஜோஜோபா இருந்தாலும் சரி. இதன்பிறகும் மாறாமல் நிற்கும் வெண்திட்டுதான் உண்மையான உரிவு. 240 எண் பஃபரால் லேசாக ஒருமுறை இழுத்துச் சொரசொரப்பை அடக்கலாம், வழவழப்பாகும்வரை தேய்க்கக் கூடாது. தேய்த்து மறைக்கப் பார்க்கும் ஒவ்வொரு திட்டும் இன்னும் மெலிகிறது. நகத்தைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் உறை போட்டுக்கொண்டால் நுனி பிளவுபடாது. நகம் 'மூச்சு விட' இடைவெளி வேண்டும் என்று சொல்லப்படுவது சரியல்ல. நகவேருக்கான ஆக்சிஜன் இரத்தத்திலிருந்து வருகிறது. ஆனால் மெலிந்த நகத்தின்மேல் உடனே மறுபடி ஒட்டினால், அடுத்துக் கழற்றும்போது இழக்க மிச்சம் இருக்காது. இடைவெளி தேவைப்படுவது அதனால்தான்.

அடுத்த சில வாரங்களில் அடிப்பகுதியிலிருந்து ஆரோக்கியமான, பளிச்சென்ற நகம் வருவதும், பழைய மெலிந்த பகுதி ஒரு கோடாகப் பிரிந்து முன்னே நகர்வதும் தெரியும். அந்தக் கோடு மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்ந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நகம் சதையிலிருந்து விலகிய இடம் வாரக்கணக்கில் குறையாமல் நின்றாலோ, பச்சையோ மஞ்சளோ பரவினாலோ, விளிம்புத்தோல் வீங்கித் துடித்தாலோ, புதிதாக வரும் நகமே பள்ளமும் மேடுமாக வந்தாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புது நகம் உருமாறி வருவது நகவேர் அடிபட்டதற்கான அடையாளம், அது தானாகச் சரியாகாமலும் போகலாம். மருத்துவரிடம் போகும்போது நகத்தில் போட்டது என்ன வகை, எப்போது ஒட்டினார்கள், எந்த முறையில் கழற்றினார்கள் என்ற விவரங்களைக் கொண்டுபோவது அவசியம். கழற்றிய கடை சோதனையில் கண்டதை ஒரு சீட்டில் எழுதித் தந்திருந்தால் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு எந்தெந்த மெதாக்ரிலேட்டுகளை வைத்துப் பார்ப்பது என்பது அவருக்கு எளிதாகும். பரிசோதனையில் ஒவ்வாமை உறுதியானால் அதைப் பல் மருத்துவரிடமும் தெரிவித்துவிட வேண்டும்.